இன்குபேட்டர்ல தண்ணி ஊத்தி ஊத்தியே குஞ்சுகளை மூழ்கடிச்ச கதை

24 முட்டை வச்சேன், 5 குஞ்சு வந்துச்சு. அந்த அஞ்சும் 21-வது நாளே வெளிய வந்து ஒரு மூலைல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க, மீதி முட்டையெல்லாம் கம்முனு இருக்கு. காதுகிட்ட வச்சுக் கேட்டா சத்தம் இல்ல, லேசா ஆட்டிப் பாத்தா அசைவு இல்ல. இன்னும் ஒரு நாள் பாப்போம், இன்னும் ஒரு நாள் பாப்போம்னு 24-வது நாள் வரைக்கும் இழுத்துட்டு, அப்புறம் மனசைக் கல்லாக்கிட்டு வெளிய கொண்டுபோய் ஒவ்வொண்ணா ஒடச்சேன். 4 கூமுட்டை, அது போகட்டும். மீதி 15-லயும் முழுசா வளந்த குஞ்சு, ரோமம் அலகு நகம் எல்லாம் இருக்கு, அத்தனையும் செத்துப்போய். அதுவும் எப்படின்னா நனைஞ்ச துணி மாதிரி, ஓட்டை ஒடச்சதும் தண்ணியா கொஞ்சம் ஒழுகுது, குஞ்சு ஊதிப்போய் ஓடு முழுக்க அடைச்சுக்கிட்டு இருக்கு, தலையைத் திருப்பக்கூட எடம் இருந்திருக்காது.

அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு, "எந்தக் கோழிடா பக்கத்துல தண்ணிச் சட்டி வச்சுக்கிட்டு அடை காக்குது?"ன்னு கேட்டாங்க. எனக்கு செம கடுப்பு. மெஷின் வேற கோழி வேற, உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு ஏதோ சொல்லிட்டு உள்ள போயிட்டேன். ஆனா அந்தக் கேள்வி போகல.

நடந்தது இதுதான். இன்குபேட்டர் நானே செஞ்சது, தெர்மோகோல் பொட்டி, பல்பு, ஒரு சின்ன ஃபேன், டெம்பரேச்சர் கண்ட்ரோலர். டெம்பரேச்சர்ல ரொம்ப உஷாரா இருந்தேன், 37.5 டிகிரியை விட்டு நகரவே விடல. ஈரப்பதத்துக்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் உள்ள போட்டிருந்தேன். முட்டை காஞ்சுடக்கூடாதுன்னு ஒரு பயம், அதனால மொத நாள்லேந்தே அகலமான ட்ரே நெறைய தண்ணி, மீட்டர் 60 காட்டுற மாதிரி. 58-க்கு எறங்குனா ஓடிப்போய் தண்ணி ஊத்துவேன். இன்னும் கொடும என்னன்னா ஈரம் வெளிய போகுதேன்னு காத்து ஓட்டைல பாதியை டேப் போட்டு ஒட்டிட்டேன். அக்கறையா பாத்துக்கறேன்னு நெனச்சுக்கிட்டு 18 நாளா அதுங்களை நீராவில ஊற வச்சிருக்கேன்.

முட்டை காயணும். இது எனக்குத் தெரியவே தெரியாது. முட்டை ஓடு பாக்க கெட்டியா இருந்தாலும் அதுல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் உள்ள இருக்குற குஞ்சுக்கு ஆக்சிஜன் போகுது, அதே வழியா தண்ணி ஆவியா வெளிய வருது. மஞ்சக்கருவுல இருக்குற கொழுப்பை எரிச்சுத்தான் குஞ்சு வளருது, கொழுப்பு எரிஞ்சா தண்ணி உண்டாகும், அந்தத் தண்ணியும் சேந்து வெளிய போயாகணும். போற தண்ணியோட எடத்துல காத்து வந்து ஒக்காருது, முட்டையோட அகலமான பக்கம் ஒரு காத்து அறை இருக்கும் பாருங்க, அது நாளுக்கு நாள் பெருசாகுறது இதனாலதான். 19, 20-வது நாள் வாக்குல குஞ்சு தன்னோட அலகால மொதல்ல அந்தக் காத்து அறையோட சவ்வைத்தான் குத்தும், வாழ்க்கைல மொதல் மூச்சு அதுலேந்துதான் எடுக்கும், அதுக்கப்புறம்தான் ஓட்டைக் குத்தும். நம்ம ஈரத்தை ஏத்தி வச்சுட்டா தண்ணி வெளிய போகாது, அறை சின்னதா நின்னுடும், குஞ்சுக்குத் திரும்பவும் எடமில்ல மூச்சு விடவும் காத்து பத்தாது. என் 15 குஞ்சும் அப்படித்தான் போச்சு.

கணக்கு என்னன்னா, வச்ச அன்னிக்கு இருந்த எடைல 18-வது நாளுக்குள்ள ஏறக்கொறைய 12, 13% கொறஞ்சிருக்கணும். 11-லேந்து 14 வரைக்கும் ஓகே. 52 கிராம் முட்டைன்னா 46 கிராம் பக்கத்துல வந்து நிக்கணும். ஈரப்பதம் இத்தனை வைக்கணும் அத்தனை வைக்கணும்னு சொல்றதெல்லாம் இந்த எடையைக் கொறைக்கறதுக்கான வழிதான், 50 வைன்னு ஒருத்தர் சொல்றதும் 40 வைன்னு இன்னொருத்தர் சொல்றதும் அவங்கவங்க பொட்டில அவங்கவங்க முட்டைக்கு அந்த எடை கொறஞ்சதாலதான் சொல்றாங்க. இது புரியறதுக்கு எனக்கு மூணு பேட்ச் ஆச்சு.

ரெண்டாவது பேட்ச்சுக்கு முன்னாடி மீட்டர் மேலயே சந்தேகம் வந்துச்சு. அதுக்கு உப்பு டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, வீட்ல இருக்குறதை வச்சே பண்ணலாம். ஒரு பாட்டில் மூடில சாதா உப்பு ரெண்டு ஸ்பூன் போட்டு கொஞ்சமா தண்ணி விடணும், கரைஞ்சு ஓடக்கூடாது, ஈர மணல் மாதிரி கொழகொழன்னு இருக்கணும். அந்த மூடியையும் மீட்டரையும் காத்து போகாத ஒரு ஜிப் கவர்லயோ டப்பாவுலயோ வச்சு மூடி ரூம்லயே எட்டு பத்து மணி நேரம் விட்டுடணும். உப்பு தண்ணி மீட்டர் மேல படக்கூடாது. உள்ள காத்தோட ஈரப்பதம் 75%-ல வந்து நிக்கும், அது உப்போட கொணம், மாறாது. மீட்டர் 75 காட்டுனா சரியா இருக்கு, என்னோடது 63 காட்டுச்சு. 12 கம்மி! அப்படின்னா மொத பேட்ச்சுல நான் 60-ன்னு நெனச்சுக்கிட்டு இருந்தது நெஜத்துல 70-க்கு மேல. கடைசி மூணு நாளைக்கு வைக்க வேண்டிய ஈரத்தை மொத நாள்லேந்து வச்சிருக்கேன்.

இந்த சின்ன சென்சாரெல்லாம் அப்படித்தான், நெறைய பேர் கண்ட்ரோலர்ல மாட்டுற டிஎச்டி11 சென்சார் புதுசா இருக்கும்போதே 5% முன்ன பின்ன காட்டும்னுதான் போட்டிருப்பாங்க, டிஎச்டி22 கொஞ்சம் தேவல, 2% வாக்குல. அதுவும் ஈரத்துலயே கெடந்து கெடந்து நாளாக நாளாக வெலகும். மீட்டர்ல எத்தனை வெலகல்னு ஒரு பேப்பர்ல எழுதி பொட்டி மேலயே ஒட்டிடுங்க. நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கு முன்னாடியும் உப்பு டெஸ்ட் போட்டுடறேன். இன்னொண்ணு, மீட்டரை எங்க வைக்கறீங்கங்கறதும் முக்கியம், தண்ணி ட்ரேக்கு நேர் மேல வச்சா அது ட்ரேயோட ஈரத்தைக் காட்டும், முட்டை ஒயரத்துல முட்டைங்களுக்கு நடுவுல இருக்கணும்.

டிஜிட்டல்லயே நம்பிக்கை இல்லன்னா பழைய முறை ஒண்ணு இருக்கு. ரெண்டு தெர்மாமீட்டர், ஒண்ணு சும்மா, இன்னொண்ணோட நுனில பருத்தித் திரி சுத்தி திரியோட மறுமுனையைத் தண்ணில போட்டு வைக்கறது. திரி ஈரமா இருக்குறதால அது கம்மியா காட்டும். சும்மா இருக்குறது 37.5 காட்டும்போது திரி சுத்துனது 29 காட்டுனா ஈரப்பதம் 53% வாக்குல, 32 காட்டுனா 68 வாக்குல. ஃபேன் காத்து அந்தத் திரி மேல படணும், திரி அழுக்காயிடுச்சுன்னா மாத்தணும். தொல்லைதான், ஆனா இதுல பேட்டரி கெடையாது சென்சார் கெடையாது, ஏமாத்தாது.

சரி ரெண்டாவது பேட்ச்சுக்கு வரேன். சூடு கண்ட பூனைங்கற மாதிரி இந்த தடவை தண்ணியே வைக்கல. தண்ணி வைக்காம பொரிக்கறதுன்னு ஒரு முறை இருக்குன்னு கேள்விப்பட்டு, அம்மா சொன்னதும் ஞாபகம் வந்து, கடைசி மூணு நாளைக்கு மட்டும் தண்ணி வைப்போம்னு விட்டுட்டேன். நான் யோசிக்காம விட்டது என்னன்னா அது நல்ல வெயில் காலம், ரூம் காத்தே காஞ்சுபோய் இருந்துச்சு. இங்க ஒரு விஷயம் சொல்லணும், இதுதான் மொத்தத்துலயும் ரொம்பப் பேர் கோட்டை விடுற எடம். ரூம்ல 60% ஈரம் இருக்கு, அதே காத்துதான் பொட்டிக்குள்ள போகுது, அப்ப உள்ளயும் 60 இருக்கும்னு நெனப்போம். இருக்காது. காத்தை சூடாக்குனா அதால இன்னும் நெறைய தண்ணியைத் தாங்க முடியும், தண்ணி அளவு மாறாம தாங்குற அளவு மட்டும் ஏறும்போது சதவீதம் விழுந்துடும். 25 டிகிரில 60% இருக்குற காத்தை 37.5-க்கு சூடாக்குனா அது 30%-தான். 32 டிகிரில 35% இருக்குற காய்ஞ்ச காத்துன்னா உள்ள 26%. மழைக்காலத்துல 29 டிகிரில 80% இருக்குன்னு வைங்க, அதே காத்து உள்ள போனா ஒரு சொட்டு தண்ணி வைக்காமலேயே 50% நிக்கும். அதனாலதான் ஒரே பொட்டி ஒரே ஆளு ஒரே மாதிரி முட்டை, ஒரு மாசத்துல ஓஹோன்னு பொரிக்கும் நாலு மாசம் கழிச்சு அதே செட்டிங்ல படுத்துடும். பொட்டியைக் கொறை சொல்லுவோம், ரூம் மாறினதைப் பாக்க மாட்டோம்.

அந்த பேட்ச்ல 26, 27% வாக்குலதான் 18 நாளும் ஓடிருக்கு. 22 முட்டைல 9 வந்துச்சு. வந்ததுங்களும் சின்னச் சின்னதா, சுறுசுறுப்பு கம்மியா. வராததை ஒடச்சுப் பாத்தா இந்த தடவை நேர்மாறு, காத்து அறை முட்டைல பாதி அளவுக்கு வந்துருச்சு, குஞ்சு சின்னதா சவ்வோட ஒட்டிக்கிட்டு காஞ்சு கெடக்கு. பொரிக்காத முட்டையை மூக்கைப் பொத்திக்கிட்டு குப்பைல போட்டுடாதீங்க, ஒடச்சுப் பாருங்க. ஈரமா ஊதிப்போய் இருந்தா தண்ணி ஜாஸ்தி, காஞ்சு ஒட்டி இருந்தா தண்ணி கம்மி, இதை விட நேரா யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஆனா எல்லாத்துக்கும் ஈரத்தையே கொறை சொல்லவும் கூடாது. ரெண்டாவது மூணாவது நாளே கரு செத்து உள்ள ரத்தம் வளையமா கட்டி நின்னது, நடுவுல செத்தது இதெல்லாம் பெரும்பாலும் டெம்பரேச்சர் ஏறி எறங்குனது, முட்டையை ரொம்ப நாள் வச்சிருந்து அடை வச்சது, அழுக்கு முட்டை, தாய்க்கோழி சத்து இல்லாம இருந்தது, அந்த மாதிரி. ஈரத்தோட வேலை பெரும்பாலும் கடைசில வளந்து முடிஞ்சு செத்த குஞ்சுலதான் தெரியும்.

அதே பேட்ச்ல இன்னொரு தப்பும் பண்ணேன், அதைச் சொல்ல இன்னும் கூச்சமா இருக்கு. 20-வது நாள் ராத்திரி மொத முட்டைல ஓட்டை விழுந்துச்சு. அவ்ளோதான், தூக்கமே இல்ல. அரை மணிக்கு ஒருவாட்டி மூடியைத் தொறந்து பாக்கறது, ஃபோட்டோ எடுக்கறது, ஈரக் குஞ்சைத் தூக்கி வெளிய வைக்கறது. ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் உள்ள இருக்குற ஈரக் காத்து மொத்தமும் ஒரே மூச்சுல வெளிய போயிடும், டெம்பரேச்சர் பத்து நிமிஷத்துல திரும்பிடும் ஆனா ஈரம் திரும்ப ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள ஓட்டை போட்டுட்டு உள்ள காத்துக்கிட்டு இருக்குற குஞ்சோட சவ்வு காஞ்சு, வெள்ளையா இருக்க வேண்டியது மஞ்சளா பழுப்பா மாறி, பிளாஸ்டிக் பேப்பர் சுத்தின மாதிரி அது ஒடம்போட இறுக்கிக்கும். கத்துற சத்தம் கேக்குது, அலகு மட்டும் அசையுது, சுத்த முடியல. ரெண்டு குஞ்சு அப்படி மாட்டுச்சு.

அதுல ஒண்ணுக்கு ஒதவி பண்றேன்னு ஓட்டை பிச்சேன். ரத்தம் வந்துச்சு. ஓட்டை விழுந்த ஒடனே குஞ்சு வெளிய வந்துடணும்னு நெனச்சேன், அப்படி இல்ல, மொத ஓட்டை போட்டதுக்கு அப்புறம் 12-லேந்து 24 மணி நேரம் வரைக்கும் அது சும்மாத்தான் இருக்கும், சும்மான்னா நம்ம கண்ணுக்கு சும்மா. உள்ள மிச்சமிருக்குற மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கும், சவ்வுல ஓடுற ரத்தம் மெல்ல மெல்ல ஒடம்புக்குள்ள போய்க்கிட்டு இருக்கும். அது முடியறதுக்குள்ள நம்ம பிச்சா ரத்தக் குழாயைப் பிக்கறோம். அந்தக் குஞ்சு பொழைக்கல. அடுத்ததைத் தொடாம விட்டுட்டு, வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச துணியை உள்ள வச்சு ஈரத்தை ஏத்தி, 24 மணி நேரத்துக்கு மேல ஆனதுக்கப்புறம்தான் ஈரப் பஞ்சால சவ்வை மட்டும் நனைச்சு விட்டேன், ரத்தம் தெரியலன்னதும் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டை எடுத்தேன், அது பொழைச்சுது. காலு கொஞ்ச நாள் வெலகியே இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு.

குஞ்சுக்குப் பசிக்குமேன்னு அவசரப்பட்டு தொறக்க வேண்டியதே இல்ல. வயித்துக்குள்ள இழுத்துக்கிட்ட அந்த மஞ்சக்கரு ரெண்டு நாளைக்குத் தாராளமா தாங்கும். ஒரு நாள் முழுக்க உள்ளயே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணு கத்துறதைக் கேட்டு அடுத்தது ஒடைக்கும், அதுவும் நல்லதுதான். நான் இப்ப 18-வது நாள் மூடியை மூடினா மேல ஒரு துணியைப் போட்டுடறேன், குஞ்சுக்காக இல்ல எனக்காக.

மூணாவது பேட்ச்லதான் சமையல் தராசு எடுத்தேன். இது மழைக்காலம். 20 முட்டை, ஒவ்வொண்ணோட எடையையும் பென்சில்ல அந்த முட்டை மேலயே எழுதினேன். பேனா, மார்க்கர் வேண்டாம், மை ஓட்டை வழியா உள்ள போகும்னு சொல்லுவாங்க, எதுக்கு வம்பு. மொத்தமா எடை போட்டா போதாதான்னு கேக்கலாம், போதும், ஆனா 7-வது நாள் டார்ச் அடிச்சுப் பாத்து கூமுட்டையை எடுத்துடுவோம் இல்லையா, அப்ப எடுத்ததோட எடையைக் கழிக்கணும், அதுக்குத்தான் தனித்தனியா எழுதி வைக்கறது. எனக்கு 7-வது நாள் 3 போச்சு, ரெண்டு கருவே இல்ல, ஒண்ணு ரத்த வளையம். மீதி 17-ம் வச்ச அன்னிக்கு மொத்தம் 884 கிராம். 18 நாளைக்கு 12.5%-ன்னா ஒரு நாளைக்கு 0.7% வாக்குல, 7 நாளைக்கு 43 கிராம் கொறஞ்சிருக்கணும். தராசு 850 காட்டுச்சு, 34 கிராம்தான் போயிருக்கு. மீட்டர் கணக்கு வெலகலைக் கூட்டியும் ஓகேன்னு சொல்லுது, முட்டை ஓகே இல்லன்னு சொல்லுது. பழக்க தோஷத்துல ஒரு சின்னக் கிண்ணம் தண்ணி வச்சிருந்தேன், அதைத் தூக்கி வெளிய வச்சேன், ஓட்டைல இருந்த டேப்பையும் பிச்சுட்டேன். 14-வது நாள் 806, 18-வது நாள் 779. 105 கிராம், 11.9%. கணக்குப் புள்ளையா மாறிட்டேன்னு வீட்ல கிண்டல் வேற.

இதுல நிம்மதியான விஷயம் ஒண்ணு கவனிச்சீங்களா, மொத வாரம் தப்பு பண்ணதை ரெண்டாவது வாரம் சரி பண்ண முடிஞ்சுது. டெம்பரேச்சர் அப்படி இல்ல, ரொம்ப ஏறிட்டா முடிஞ்சுது கதை. ஈரம் சராசரிதான், இன்னிக்கு 62 இருந்துச்சு நாளைக்கு 38 இருந்துச்சுன்னா ஒண்ணும் குடி முழுகிடாது, மொத்தமா 18 நாள்ல எவ்ளோ கொறஞ்சுதுன்னுதான் முட்டை பாக்கும். அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து 47-ஐ 50 ஆக்குறது எல்லாம் சுத்த வேஸ்ட்டு. தராசு இல்லாதவங்க டார்ச் அடிச்சு காத்து அறையோட ஓரத்தைப் பென்சில்ல கோடு போட்டுக்கிட்டே வாங்க, 7, 14, 18 நாள்ல மூணு கோடு, கீழ எறங்கிட்டே வரணும், 18-வது நாள் முட்டையோட மூணுல ஒரு பங்கு வாக்குல வெளிச்சமா தெரியணும். மொத கோடும் ரெண்டாவது கோடும் ஒட்டிக்கிட்டு இருந்தா தண்ணியை எடுங்க.

தண்ணி வைக்கற விஷயத்துல நான் பட்டது, ஆழம் ஒண்ணும் பண்ணாது, அகலம்தான் வேலை செய்யும். தண்ணியோட மேல்பரப்புலேந்துதான் ஆவி போகுது, ஒரு விரக்கடை தண்ணியும் நாலு விரக்கடை தண்ணியும் ஒண்ணுதான், ஆழமா இருந்தா அடிக்கடி ஊத்த வேண்டாம் அவ்ளோதான். ஈரம் ஏறணும்னா இன்னொரு ட்ரே வைங்க, இல்ல ஸ்பாஞ்ச் இல்ல துணியை ட்ரேல பாதி முங்க வச்சு மீதி மேல நீட்டிட்டு இருக்கற மாதிரி வைங்க. எறங்கணும்னா ட்ரே மேல ஒரு அட்டையை வச்சுப் பாதி மூடுங்க. ஊத்துற தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும், பச்சத் தண்ணியை ஊத்துனா டெம்பரேச்சர் சட்டுனு எறங்கும். முட்டை மேல தண்ணி தெளிக்கறது மட்டும் கோழி முட்டைக்கு வேண்டவே வேண்டாம், ஓடு நனைஞ்சா கிருமி அந்த ஓட்டைங்க வழியாவே உள்ள போகும், அழுகிப்போன முட்டை பொட்டிக்குள்ள வெடிச்சா என்ன நாத்தம்னு எனக்குத் தெரியும், விளக்கமா சொல்லல.

மூடியைத் தொறக்காம தண்ணி ஊத்தறதுக்கு, மீன் தொட்டிக்குப் போடுற மெல்லிசு ட்யூபை ஒரு காத்து ஓட்டை வழியா உள்ள விட்டு அதோட முனை ட்ரேல இருக்கற மாதிரி ஒட்டிட்டேன், வெளிய சிரிஞ்சு. கடைசி மூணு நாளைக்கு இது கடவுள் மாதிரி. ட்ரே மேல ஒரு வலையும் போட்டுடுங்க, இப்பத்தான் வெளிய வந்த குஞ்சு தள்ளாடிக்கிட்டே போய் தண்ணில விழுந்துடும்.

அந்தக் கடைசி மூணு நாள்தான் ஈரம் ஏத்தணும். 18-வது நாள் முட்டையைத் திருப்பி விடறதை நிறுத்திட்டு 65-லேந்து 70% வரைக்கும் ஏத்திடறேன், சவ்வு காயாம இழுபடணும்ல. இங்கயும் ஒரு பயம் காட்டும், ரெண்டு மூணு குஞ்சு வெளிய வந்ததும் அதுங்க ஈர ஒடம்புலேந்து ஆவி போய் மீட்டர் எண்பதைத் தாண்டிடும். மொத தடவை பாத்து பதறிட்டேன், ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, அதுங்க காய காய தானா எறங்கும். கண்ணாடில முத்து முத்தா தண்ணி கோத்துக்கிட்டு ஒழுகுதுன்னா மட்டும் காத்து ஓட்டையை நல்லா தொறந்து விடுங்க. எந்தக் காரணத்துக்காகவும் ஈரத்தைக் காப்பாத்த காத்து ஓட்டையை மூடாதீங்க, கடைசி நாள்லதான் எல்லாக் குஞ்சும் நெஜமாவே மூச்சு விடுது, அப்பத்தான் அதுக்கு காத்து ஜாஸ்தி வேணும். ஈரம் பத்தலன்னா தண்ணியை அகலப்படுத்துங்க.

வாத்து முட்டைக்கு 28 நாள், காடைக்கு 17, 18 நாள், கடைசி மூணு நாள் எதுன்னு எண்ணிக்கறது மாறும், எடை கொறையணுங்கறது எல்லாத்துக்கும் பொது. வாத்து நான் ஒரே ஒருவாட்டிதான் வச்சேன், அதைப் பத்தி பெருசா பேச எனக்குத் தகுதி இல்ல.

17-ல 14 வந்துச்சு மூணாவது பேட்ச்ல. வந்ததுங்க நல்லா பஞ்சு மாதிரி, தொப்புள் காஞ்சு, ஒரு மணி நேரத்துல எழுந்து நிக்குதுங்க. அம்மாகிட்ட போய் சொன்னேன், நீங்க சொன்ன மாதிரி தண்ணியை எடுத்துட்டேன்னு. அவங்க, "நான் எங்கடா எடுக்கச் சொன்னேன், கோழி எப்படி காக்குதுன்னுதானே கேட்டேன்"ன்னாங்க. அதுவும் சரிதான், அடைக்கோழி வயித்துல ரோமம் உதுந்து வெறும் தோலு முட்டை மேல படும், அந்த ஒடம்பு ஈரம் இருக்கு, தெனம் ஒருவாட்டி எழுந்து போய் மேஞ்சுட்டு வரும்போது முட்டைக்கு காத்து படுது. ஒரு நாள் கூட அது மீட்டரைப் பாக்கல.

இப்ப நாலாவது பேட்ச், 14-வது நாள். இந்த தடவை 9-ம் நம்பர் முட்டை மட்டும் மத்ததை விட வேகமா எடை எறங்குது, டார்ச்ல பாத்தா ஓட்டுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மெழுகு உருக்கி மெல்லிசா ஒரு கோடு விட்டு அடைச்சிருக்கேன், உள்ள காலு ஆட்டுது, நாளைக்குக் காலைல திரும்ப எடை போடணும்.